மூன்றாவது புள்ளி நூலைத் தொடக் கூடாது: ஒருகோட்டுக் கணக்குகளுக்கு ஒரு வழிகாட்டி

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எட்டுப் பத்துப் பிள்ளைகள் உட்காருவார்கள். ஒன்பதாவது முதல் பதினொன்றாவது வரை படிப்பவர்கள். ஆற்காட்டிலிருந்து ஒருவன் வருகிறான், குடியாத்தத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஒருத்தி வருகிறாள். எல்லோருக்கும் கணித ஒலிம்பியாட் மேல் ஆசை. பத்து மணிக்கு மேல் வேலூர் வெயிலில் மாடித் தரையில் கால் வைக்க முடியாது, அதனால் மூன்று மணி நேரம்தான் பாடம்.

போன கோடையில் எதிர் மனையில் காம்பவுண்டு சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இரண்டு முனையிலும் கல் வைத்து நூல் கட்டுவார். நடுவில் செங்கல்லை வரிசையாக வைத்துக்கொண்டே வருவார். நாலு கல்லுக்கு ஒருமுறை நின்று நூலை விரலால் சுண்டிப் பார்ப்பார். ஏன் என்று பிள்ளைகள் மாடியிலிருந்தே கேட்டார்கள். "நூலு அதிரணும் கண்ணு. நடுவுல ஒரு கல்லு இடிச்சிக்கினு இருந்தா அதிராது. கல்லு நூலைத் தள்ளிடுச்சுன்னா அப்புறம் நூலு காட்டுறதெல்லாம் பொய்யி" என்றார்.

அன்றைக்கு எடுத்த பாடம், மூன்று புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதை நிரூபிப்பது. அவர் சொன்னதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. இரண்டு புள்ளிகளுக்குத்தான் நூல் கட்ட வேண்டும். மூன்றாவது புள்ளி அந்த நூலைத் தொடாமல் தன் இடத்தில் தானாக நிற்க வேண்டும். அது நூலின் மேல்தான் இருக்கிறது என்று காட்டுவது நம் வேலை. புதிதாக வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் படத்திலேயே மூன்றையும் இணைத்துக் கோடு போட்டுவிடுகிறார்கள். அந்த நொடியில் மூன்றாவது கல் நூலை இடித்துவிடுகிறது.

தொடங்கும் முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புள்ளிகளுக்குத் தமிழ் எழுத்துகளையே வைத்திருக்கிறேன். முடிந்தவரை, கணக்கு தரும் முனைகளுக்கு வல்லினம் (க, ச, ட, த, ப, ற), அவற்றிலிருந்து பிறக்கும் புள்ளிகளுக்கு மெல்லினமும் இடையினமும். படத்தைப் பார்த்ததும் எது தரப்பட்டது, எது பிறகு வந்தது என்று தெரியும். பாடப்புத்தகம் "ஒரு கோடமைந்த புள்ளிகள்" என்று சொல்வதைத்தான் இங்கே ஒருகோட்டுப் புள்ளிகள் என்கிறேன்.

படம் இரண்டு வரையுங்கள்

அரைப் பக்க அளவில், ஸ்கேலும் காம்பஸும் வைத்து, ஒழுங்காக ஒரு படம். இரண்டாவது படத்தில் முக்கோணத்தின் வடிவத்தை மாற்றிவிடுங்கள். முதலில் குறுங்கோண முக்கோணம் என்றால் அடுத்து விரிகோண முக்கோணம். சமபக்க முக்கோணமோ இருசமபக்க முக்கோணமோ போடவே போடாதீர்கள். அதில் தற்செயலாகப் பல புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்து, இல்லாத உண்மையை இருப்பதுபோல் காட்டும்.

நிரூபிக்க வேண்டிய கோட்டை மட்டும் படத்தில் வரையாதீர்கள். மூன்று புள்ளிகளில் இரண்டை இணையுங்கள், மூன்றாவதைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டு விட்டுவிடுங்கள். அல்லது நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் தனித்தனிக் கோடாக, வேறு வேறு நிறத்தில் வரையுங்கள். நீலமும் சிவப்பும் ஒரே கோடுதான் என்பது கடைசி வரியில்தான் தெரிய வேண்டும்.

முதல் வழி: நடுப்புள்ளியில் 180°

கசடத ஒரு சதுரம். சதுரத்துக்குள் கசம சமபக்க முக்கோணம். சட பக்கத்தின் மேல், சதுரத்துக்கு வெளியே, சடந சமபக்க முக்கோணம். த, ம, ந ஒரே கோட்டில் உள்ளன என்று காட்ட வேண்டும்.

நடுவில் இருப்பது ம. அதைச் சுற்றி ∠தமக, ∠கமச, ∠சமந என்று மூன்று கோணங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து 180° என்றால் முடிந்தது.

கத = கம, ஏனென்றால் இரண்டும் சதுரப் பக்கத்துக்குச் சமம். ∠மகத = 90° − 60° = 30°. ஆகவே ∠தமக = 75°. ∠கமச = 60°, சமபக்க முக்கோணம் என்பதால். இனி சம = சந. ∠மசட = 30°, ∠டசந = 60°, ஆக ∠மசந = 90°. ஆகவே ∠சமந = 45°. கூட்டினால் 75 + 60 + 45 = 180.

இந்தக் கணக்கைத்தான் முதல் நாள் கொடுப்பேன். ஒரு பெண் அரைப் பக்கத்தில் அழகாக எழுதிக் கொண்டுவந்தாள். நான்காவது வரியில் "குத்தெதிர்க் கோணங்கள் சமம்" என்று ஒரு படி இருந்தது. எந்த இரண்டு கோடுகள் வெட்டுவதால் வந்த குத்தெதிர்க் கோணம் என்று கேட்டேன். கச-வை நோக்கி ம வழியாகப் போகும் கோடு ஒன்று, தமந இன்னொன்று என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவள் கை வாய்க்குப் போய்விட்டது. தமந ஒரு கோடு என்பதைத்தானே நிரூபிக்கச் சொன்னார்கள்! அவள் படத்தைப் பார்த்தேன். த-விலிருந்து ந வரை பென்சிலால் ஒரே இழுப்பு. கண் கோட்டைப் பார்த்தது, கை குத்தெதிர்க் கோணம் எழுதியது. திறமைக் குறைவு எதுவுமில்லை. அந்தப் பென்சில் கோடுதான் குற்றவாளி.

நேரிய கோண இணை, குத்தெதிர்க் கோணம், முக்கோணத்தின் வெளிக்கோணம், ஒத்த கோணம் ஆகிய நான்கும் ஒரு கோடு நேராக இருக்கிறது என்பதைச் சொல்லாமல் பயன்படுத்திக்கொள்ளும். இவற்றில் எதை எழுதினாலும் "எந்தக் கோடு?" என்று உங்களையே கேளுங்கள். பதில் நிரூபிக்க வேண்டிய கோடாக இருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இரண்டாம் வழி: அப்படி ஒரே ஒரு கோடுதான் இருக்க முடியும்

இரண்டு வட்டங்கள் க, ச என்ற புள்ளிகளில் வெட்டிக்கொள்கின்றன. முதல் வட்டத்தில் கட விட்டம், இரண்டாவதில் கத விட்டம். ட, ச, த ஒரே கோட்டில் உள்ளன.

அரைவட்டக் கோணம் செங்கோணம். ஆகவே ∠கசட = 90°, ∠கசத = 90°. இங்கே பலர் "கூட்டினால் 180°" என்று முடிப்பார்கள். அப்படி முடித்தால், ட-வும் த-வும் கச-வின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதையும் காட்ட வேண்டும். அந்தத் தொல்லையே இல்லாமல் எழுதலாம்: ச வழியாக, கச-வுக்குச் செங்குத்தாக ஒரே ஒரு கோடுதான் உண்டு. ட அதன்மேல் இருக்கிறது, த-வும் அதன்மேல் இருக்கிறது. முடிந்தது. படம் எப்படிப் புரண்டாலும் இந்த நிரூபணம் நிற்கும்.

இணைகோட்டுக்கும் இதே வாதம் பொருந்தும். சட இணை கத, சட இணை கப என்றால் க, த, ப ஒரு கோட்டில். ஒரு புள்ளி வழியாக ஓர் இணைகோடுதான்.

ஒருமைத்தன்மையை வைத்து இன்னொரு தந்திரமும் செய்யலாம். கேட்ட புள்ளியை நேராகத் தொடாமல், நமக்கு வசதியான கோட்டை வரைந்து, அது போய் வெட்டும் இடத்துக்குப் புதுப்பெயர் வைத்து, கடைசியில் இரண்டும் ஒரே புள்ளி என்று காட்டுவது. முக்கோணம் கசட-வில் க, உள்வட்ட மையம், க இல்லாத சட வில்லின் நடுப்புள்ளி ல ஆகிய மூன்றும் ஒரு கோட்டில் என்று காட்ட வேண்டும் என்று வையுங்கள். ல-வை விட்டுவிடுங்கள். ∠க-வின் இருசமவெட்டியை வரையுங்கள். அது உள்வட்ட மையம் வழியாகப் போகும். அது சுற்றுவட்டத்தை மறுபடி வெட்டும் இடம் வ. ∠சகவ = ∠வகட, சமகோணம் சமவில்லைத் தாங்கும், ஆகவே வ அந்த வில்லின் நடுப்புள்ளி. வில்லுக்கு நடுப்புள்ளி ஒன்றுதான். ஆகவே வ-தான் ல. மேஸ்திரி நூல் கட்டிவிட்டு, கல்லை நூலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்ப்பது இதேதான்.

மூன்றாம் வழி: வட்ட நாற்கரங்களும் திசைக்கோணமும்

சிம்சன் கோட்டை ஒருமுறையாவது கையால் எழுதி நிரூபிக்காமல் யாரும் ஆர்எம்ஓ (மண்டல அளவிலான கணித ஒலிம்பியாட் தேர்வு) எழுதப் போகக் கூடாது என்பது என் கருத்து. ராபர்ட் சிம்சன் பெயரில் வழங்கினாலும் அதைக் கண்டவர் வில்லியம் வாலஸ், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்.

கசட ஒரு முக்கோணம். அதன் சுற்றுவட்டத்தில் ப ஒரு புள்ளி. ப-விலிருந்து சட, டக, கச ஆகிய பக்கங்களுக்கு வரைந்த செங்குத்துகளின் அடிகள் முறையே ம, ந, ய. இம்மூன்றும் ஒரே கோட்டில்.

முதலில் சாதாரணக் கோணத்தில் பார்ப்போம். முக்கோணம் குறுங்கோணம், ப என்பது சட வில்லில், ச-வுக்குக் கிட்டே இருக்கிறது. அப்போது ய, கச-வை ச-வுக்கு அப்பால் நீட்டிய இடத்தில் விழும். ∠பமச = ∠பயச = 90°, ஆகவே ப, ய, ச, ம ஒரே வட்டத்தில்; ∠பமய = ∠பசய. அதேபோல் ப, ம, ந, ட ஒரே வட்டத்தில்; ∠பமந = 180° − ∠படந. கசபட வட்ட நாற்கரம் என்பதால் அதன் வெளிக்கோணம் ∠பசய, எதிர் உட்கோணம் ∠படக-வுக்குச் சமம். ட-வில் டந, டக இரண்டும் ஒரே திசை. ஆகவே ∠பமய + ∠பமந = 180°. ய-வும் ந-வும் பம-வின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் ய, ம, ந ஒரு கோட்டில்.

சரியான நிரூபணம். ஆனால் ப-வைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். ய கோட்டுத்துண்டுக்குள் வந்துவிடும், ந வெளியே போய்விடும். "ஒரே பக்கம்" என்றது "எதிர்ப்பக்கம்" ஆகும், சமம் என்றது 180°-லிருந்து கழித்தலாகும். ஒவ்வொரு நிலைக்கும் தனி நிரூபணம் எழுத உட்கார்ந்தால் மூன்று மணி நேரத் தேர்வில் பாதி போய்விடும்.

இதற்குத்தான் திசைக்கோணம். இரண்டு கோடுகளுக்கு இடையே (முதல் கோடு, இரண்டாம் கோடு) என்று எழுதுகிறோம். முதல் கோட்டைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் எவ்வளவு சுழற்றினால் இரண்டாவதற்கு இணையாகுமோ அதுதான் அளவு. 180°-யின் மடங்குகளைக் கண்டுகொள்ள வேண்டாம். இப்படி வைத்துக்கொண்டால், ஒரே வட்டத்தில் உள்ள இரண்டு புள்ளிகளை மற்ற எந்த வட்டப்புள்ளியிலிருந்து பார்த்தாலும் திசைக்கோணம் ஒன்றே. அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்ற கேள்வியே எழாது. இப்போது சிம்சன் நிரூபணம் முழுவதும் ஒரே வரி:

(யம, மப) = (யச, சப) = (கச, சப) = (கட, டப) = (நட, டப) = (நம, மப)

முதல் சமம், ய, ச, ம, ப ஒரே வட்டத்தில் இருப்பதால். இரண்டாவது, ய என்பது கச கோட்டின் மேல் இருப்பதால். மூன்றாவது, சுற்றுவட்டத்தால். நான்காவது, ந என்பது கட கோட்டின் மேல் இருப்பதால். கடைசி, ந, ட, ம, ப ஒரே வட்டத்தில் இருப்பதால். முதலும் கடைசியும் சமமென்றால் யம, நம இரண்டும் மப-வோடு ஒரே திசைக்கோணம் உண்டாக்குகின்றன. இரண்டும் ம வழியாகப் போகின்றன. ஆகவே இரண்டும் ஒரே கோடு.

இந்த ஒரு வரியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்றைக்கும் கரும்பலகையில் எழுதும்போது கை கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். திசைக்கோணத்தைப் பயன்படுத்தினால் விடைத்தாளின் தொடக்கத்தில் "இங்கே கோணங்கள் அனைத்தும் திசைக்கோணங்கள், 180° மடங்கு நீங்கலாக" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பாதியில் சாதாரணக் கோணத்துக்குத் தாவாதீர்கள். திசைக்கோணத்தைப் பாதியாக வகுக்கவும் கூடாது, 180° மடங்கை விட்டுவிட்ட பிறகு பாதிக்கு ஒரே பொருள் கிடையாது.

நான்காம் வழி: மெனிலாஸ்

விகிதம் நிறையத் தெரிகிறது, கோணம் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் மெனிலாஸ். அலெக்சாந்திரியாவில் கி.பி. 100 வாக்கில் வாழ்ந்தவர். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே அவர் தேற்றம் இருக்கிறது. தேர்வுக்கு ஒரு கணக்கு போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

முக்கோணத்தின் மூன்று பக்கக் கோடுகளின் மேலும் ஒவ்வொரு புள்ளி. முனை, புள்ளி, முனை, புள்ளி என்று முக்கோணத்தைச் சுற்றி வந்து விகிதங்களைப் பெருக்கினால் 1 வந்து, அந்த மூன்று புள்ளிகளில் ஒன்றோ மூன்றுமோ பக்கத்துக்கு வெளியே இருந்தால், மூன்றும் ஒரே கோட்டில். குறியோடு எழுதினால் பெருக்கல் −1.

"ஒன்றோ மூன்றுமோ வெளியே" என்பதை விட்டுவிடாதீர்கள். ஒன்றும் வெளியே இல்லை, அல்லது இரண்டு வெளியே, பெருக்கல் 1 என்றால் அது சீவா தேற்றம். அங்கே எதிர்முனையிலிருந்து வரும் கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் (அல்லது இணையாக இருக்கும்). இரண்டிலும் பெருக்கல் ஒன்றுபோலவே இருப்பதால் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். நேர்கோடு ஒரு முக்கோணத்துக்குள் நுழைந்தால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். ஆகவே பக்கங்களை இரண்டு இடத்தில் வெட்டும், அல்லது எங்குமே வெட்டாது. மீதி வெளியே. இதை நினைவில் வைத்தால் எது எது என்று மறக்காது.

1982-இல் புடாபெஸ்ட்டில் நடந்த சர்வதேச ஒலிம்பியாடின் ஐந்தாவது கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் ஒழுங்கு அறுகோணம். வல்லினம் ஆறும் இதற்கென்றே பிறந்ததுபோல் இருக்கின்றன: கசடதபற. கட என்ற மூலைவிட்டத்தில் ம, டப என்ற மூலைவிட்டத்தில் ந. கம/கட = டந/டப = ர. ச, ம, ந ஒரே கோட்டில் இருந்தால் ர எவ்வளவு?

இங்கே ஒருகோட்டுத்தன்மை தரப்பட்டிருக்கிறது, விகிதம் கேட்கப்படுகிறது. பாதகமில்லை, தேற்றம் இரு பக்கமும் ஓடும். கஷ்டம் எந்த முக்கோணத்தில் போடுவது என்பதில்தான். சமந கோடு மூன்று பக்கங்களை நமக்குத் தெரிந்த இடத்தில் வெட்டும் முக்கோணம் வேண்டும். ம இருப்பது கட-வில், ந இருப்பது டப-வில். ஆக ட ஒரு முனை, ப இன்னொரு முனை. மூன்றாவது பக்கம் ச வழியாகவும் ப வழியாகவும் போக வேண்டும். சப-வை வரையுங்கள். அது கட-வை வெட்டுமிடம் ய. முக்கோணம் டயப.

அறுகோணப் பக்கம் 1 என்றால் கட = டப = √3, சப = 2. சப மையம் வழியாகப் போவதால் ய என்பது கட-வின் நடுப்புள்ளி, யச = 1/2. இனி சுற்றுப் பயணம்: ட-வில் ஏறி ம வழியாக ய, அங்கிருந்து ச வழியாக ப, அங்கிருந்து ந வழியாகத் திரும்ப ட.

(டம/மய) × (யச/சப) × (பந/நட) = 1

டம = (1 − ர)√3, மய = (ர − 1/2)√3, பந = (1 − ர)√3, நட = ர√3. போட்டால் (1 − ர)² = 4ர(ர − 1/2). விரித்தால் 1 − 2ர + ர² = 4ர² − 2ர. −2ர இரண்டு பக்கமும் அடிபட்டு 3ர² = 1. ர = 1/√3.

உலக அளவிலான போட்டிக் கணக்கு, பத்தாம் வகுப்புத் தேற்றத்தில் ஆறு வரியில் முடிந்தது. ஆற்காட்டுப் பையன் இதைப் போட்டு முடித்துவிட்டு, "இவ்ளோதானா சார்?" என்று ஐந்து நிமிடம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பயம் அன்றைக்குத் தெளிந்தது.

ஐந்தாம் வழி: உருப்பெருக்கம்

ஒரு புள்ளியை மையமாக வைத்து ஓர் உருவத்தை எல்லாத் திசையிலும் ஒரே மடங்கு பெரிதாக்குவதை ஹோமோதெட்டி என்பார்கள். இதில் மையம், ஒரு புள்ளி, அந்தப் புள்ளி போய்ச்சேரும் இடம் மூன்றும் எப்போதும் ஒரே கோட்டில். கோடுகள் தமக்கு இணையான கோடுகளாக மாறும். வட்டம் வட்டமாகும்.

பெரிய வட்டத்தைச் சிறிய வட்டம் ஒன்று உள்ளே க-வில் தொடுகிறது. பெரிய வட்டத்தின் நாண் சட-வைச் சிறிய வட்டம் ய-வில் தொடுகிறது. க இல்லாத பக்கத்துச் சட வில்லின் நடுப்புள்ளி ல. க, ய, ல ஒரே கோட்டில். போட்டிக் கணக்குகளில் இது வேறு வேறு வேடத்தில் வந்துகொண்டே இருக்கும், மனப்பாடமாக வைத்திருங்கள்.

க-வை மையமாக வைத்துச் சிறிய வட்டத்தைப் பெரிய வட்டமாகும்வரை பெருக்குங்கள். ய-வில் உள்ள தொடுகோடு சட. அது சட-வுக்கு இணையான, பெரிய வட்டத்தின் தொடுகோடாக மாறும். அந்தத் தொடுகோடு தொடும் இடம் ல. ஆகவே ய போய்ச்சேருவது ல-வில்.

ஹோமோதெட்டி பழகாதவர்கள் இப்படியும் எழுதலாம். பெரிய வட்ட மையம் ம, சிறியது ந. க, ந, ம ஒரே கோட்டில், தொடும் வட்டங்களுக்கு இது எப்போதும் உண்டு. நய, மல இரண்டும் சட-வுக்குச் செங்குத்து, ஒரே திசை. ஆகவே ∠கநய = ∠கமல. நக = நய, மக = மல, இரண்டும் இருசமபக்க முக்கோணங்கள், ஆகவே ∠நகய = ∠மகல. கந, கம ஒரே கதிர், கோணம் ஒரே பக்கம். ஆகவே கய, கல ஒரே கதிர்.

1765-இல் ஆய்லர் கண்ட கோட்டுக்கும் இதே வழி. நடுக்கோட்டு மையத்தை மையமாக வைத்து −1/2 மடங்கு (பாதி அளவில், மையத்தின் எதிர்ப்பக்கமாக) மாற்றினால் முக்கோணம், தன் பக்கங்களின் நடுப்புள்ளி முக்கோணமாகும். பெரிய முக்கோணத்தின் செங்கோட்டு மையம் சிறியதன் செங்கோட்டு மையத்துக்குப் போகும். அது பெரியதன் சுற்றுவட்ட மையமேதான். மூன்று மையங்களும் ஒரே கோட்டில், 2:1 விகிதத்தில்.

ஆறாம் வழி: இரண்டு வட்டங்களுக்கும் பொதுவான அச்சு

இரண்டு வட்டங்களைப் பொறுத்துச் சம அடுக்கு உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். ரேடிக்கல் அச்சு என்பது அதன் பெயர். வட்டங்கள் வெட்டிக்கொண்டால் வெட்டுப்புள்ளிகள் இரண்டும் அதன்மேல். ஒரு புள்ளி வழியாக வட்டத்தை வெட்டும் கோடு போட்டு, இரண்டு வெட்டுத்துண்டுகளின் நீளத்தைப் பெருக்கினால் வருவதுதான் அந்த அடுக்கு. புள்ளி உள்ளே இருந்தால் குறை குறி.

குறுங்கோண முக்கோணம் கசட. கச-வில் த, கட-வில் ப, எங்கே வேண்டுமானாலும். சப-வை விட்டமாக ஒரு வட்டம், டத-வை விட்டமாக ஒரு வட்டம். இரண்டும் ம, ந-வில் வெட்டுகின்றன. முக்கோணத்தின் செங்கோட்டு மையம் ல, மந கோட்டின் மேல் இருக்கிறது.

ச-விலிருந்து உயரக்கோட்டின் அடி ய, ட-விலிருந்து வ. ∠சயப = 90°, ஆகவே முதல் வட்டம் ய வழியாகப் போகும். அதேபோல் இரண்டாவது வட்டம் வ வழியாக. சட-வை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் ச, ட, ய, வ நான்கும் உண்டு, ஆகவே லச × லய = லட × லவ. இரு வட்டங்களுக்கும் ல-வின் அடுக்கு சமம். முடிந்தது. கேள்வியில் இரண்டு வட்டங்களின் வெட்டுப்புள்ளிகளும் வேறொரு புள்ளியும் சேர்ந்து வந்தால் முதலில் இந்தக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

மற்றவை

ஒரே வட்டத்தில் ஆறு புள்ளிகள் இருந்தால் பாஸ்கல். கசடதபற என்று சுற்றி வந்தால் கச–தப, சட–பற, டத–றக ஆகிய எதிர்ப்பக்க ஜோடிகள் சந்திக்கும் மூன்று இடங்களும் ஒரே கோட்டில். 16 வயதில் கண்டுபிடித்தார் அவர், உங்கள் வயதுதான். தேற்றத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நேராகப் பயன்படுத்தலாம்.

ஆயத்தொலைவு முறையைக் கேவலமாக நினைக்காதீர்கள். செங்கோணம் மலிந்த படத்தில் அது வேகம். முதலில் போட்ட சதுரத்தில் க-வை ஆதியாக வையுங்கள்: த(0, 1), ம(1/2, √3/2), ந(1 + √3/2, 1/2). தம-வின் சாய்வு √3 − 2. மந-வின் சாய்வு (1 − √3)/(1 + √3), சுருக்கினால் அதுவும் √3 − 2. ஆனால் மூன்று வட்டமும் இரண்டு இருசமவெட்டியும் உள்ள கணக்கில் இறங்கினால் நான்காம் பக்கத்தில் ஒரு குறி தவறும், பிறகு மீள வழியில்லை.

விடைத்தாளில்

ஐஓக்யூஎம் (ஆர்எம்ஓவுக்கு முந்தைய தகுதித் தேர்வு) வரை விடை எண் போதும். ஆர்எம்ஓ முதல் நிரூபணத்துக்குத்தான் மதிப்பெண். எதை நிரூபிக்கப் போகிறோம் என்பதை முதல் வரியில் எழுதுங்கள்: "∠தமக + ∠கமச + ∠சமந = 180° என்று காட்டினால் போதும்". திருத்துபவருக்கு வழி தெரிந்துவிடும். முடிக்க முடியாமல் போனாலும் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள் என்று புரியும். எழுதி முடித்ததும் நூலைச் சுண்டிப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, மூன்று புள்ளிகளும் ஒரு கோட்டில் இல்லாவிட்டாலும் இந்த வரி உண்மையாக இருக்குமா என்று கேளுங்கள். கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் "இருக்கும்" என்று பதில் வந்தால்தான் தாளைக் கொடுக்க வேண்டும்.

இந்த வாரத்துக்கு இரண்டு கணக்குகள். ஒன்று: மூன்று பக்கமும் வெவ்வேறான முக்கோணத்தில், ஒவ்வொரு முனையின் வெளிக்கோண இருசமவெட்டியும் எதிர்ப்பக்கக் கோட்டை வெட்டும் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் என்று காட்டுங்கள். கோண இருசமவெட்டித் தேற்றமும் மெனிலாஸும் போதும், எத்தனை புள்ளி வெளியே என்று எண்ண மறக்காதீர்கள். இரண்டு: குறுங்கோண முக்கோணம் கசட-வில் க-விலிருந்து உயரக்கோட்டின் அடி ம. ம-விலிருந்து கச, கட கோடுகளுக்கும், ச, ட-விலிருந்து வரும் உயரக்கோடுகளுக்கும் செங்குத்துகள் வரையுங்கள். நான்கு அடிகளும் ஒரே கோட்டில். இதற்குச் சிம்சனை இரண்டு முறை கூப்பிட வேண்டும், இரண்டு வேறு முக்கோணங்களில். எந்த முக்கோணங்களின் சுற்றுவட்டத்தில் ம உட்கார்ந்திருக்கிறது என்று தேடுங்கள், செங்கோட்டு மையத்தின் பக்கத்திலேயே இருக்கின்றன.

படம் பெரிதாகப் போடுங்கள். அந்த நான்கு அடிகளையும் இணைக்காமல் விடுங்கள்.